சவர எரிவு: தோலின் குற்றமா, செய்முறையின் குற்றமா?

முகச்சவரம் செய்து சில நிமிடங்களில் கழுத்திலும் தாடையிலும் எரிவு, சிவப்பு, அரிப்பு, சிறுசிறு பருக்கள். எம்மிற் பலருக்கு இது பழகிப்போன துன்பம். "எனக்கு மெல்லிய தோல், அப்படித்தான் இருக்கும்" என்று கூறிப் பொறுத்துக்கொள்வோரே அதிகம். உண்மையில் மெல்லிய தோல் உடையவர்களும் எரிவின்றிச் சவரம் செய்யலாம். அதற்கு விலையுயர்ந்த பொருள்கள் அவசியமில்லை. சுடுநீர், கூரான அலகு, ஐந்து நிமிடப் பொறுமை ஆகிய மூன்றும் போதும்.

எரிவு ஏன் உண்டாகிறது?

எமது தோலின் மேற்பரப்பில் இறந்த கலங்களாலான மெல்லிய படை ஒன்று உண்டு. உள்ளேயுள்ள ஈரத்தைக் காப்பதும், வெளியேயுள்ள கிருமிகளைத் தடுப்பதும் இதுவே. தோட்டத்துக்கு வேலி எப்படியோ, உடலுக்கு இப்படை அப்படி. சவர அலகு மயிரை வெட்டும்போது இவ்வேலியையும் சிறிது சுரண்டி எடுக்கிறது. அலகு மொட்டையாக இருந்தால், மயிர் காய்ந்திருந்தால், கையை அழுத்தினால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் சுரண்டல் அளவு மீறுகிறது. அதன் விளைவே எரிவும் சிவப்பும். சாதாரணமாக இவை சில மணி நேரத்திலோ, இரண்டு மூன்று நாட்களிலோ ஆறிவிடும்.

சுருள் மயிர் உள்ளவர்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. ஒட்ட வெட்டப்பட்ட மயிரின் கூரிய நுனி வளையும்போது மீண்டும் தோலுக்குள் புகுந்து, முள் ஏறியதுபோல் வீக்கத்தை உண்டாக்கும். இத்தகையோர் ஒட்டச் சவரம் செய்வதைத் தவிர்க்கவேண்டும். மூன்று நான்கு வாரங்கள் தாடியை வளரவிட்டு, பின்னர் மெசினால் கட்டையாக வெட்டிக்கொள்வது நன்று.

முதலில் நீர்

தாடி மயிர் நீரை உறிஞ்சினால் மெதுமையாகி இலகுவில் வெட்டுப்படும். ஆகவே குளித்தபின் சவரம் செய்வதே சிறந்தது. இயலாவிடில், இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடங்கள் முகத்தில் வைத்திருங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இங்குள்ள கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறுவதால் பெரும்பாலும் வன்னீராகவே இருக்கிறது. வன்னீரில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. நுரை குறைந்தால் அலகு வழுக்காது, தோலை உரசும். நீரைக் கொதிக்க வைத்தால் அதன் வன்மையில் ஒரு பகுதி நீங்கும். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படை அவ்வாறு நீங்கிய சுண்ணாம்பே. கொதித்து ஆறிய நீரின் தெளிவை வார்த்தெடுத்துச் சவரத்துக்குப் பயன்படுத்துங்கள். சேர்த்து வைத்த மழைநீர் அதனிலும் நன்று. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை முகத்தில் பூசவேண்டாம். அது தோலை உலர்த்திவிடும். சவரக் கிறீம் அல்லது வாசனை குறைந்த மெதுமையான சவர்க்காரம் போதும்.

அலகும் கையும்

மயிர் வளரும் திசையிலேயே அலகை இழுக்கவேண்டும். கன்னத்தில் அது கீழ்நோக்கி வளரலாம். கழுத்தில் பக்கவாட்டாகவோ மேல்நோக்கியோ வளரலாம். ஒரு நாள் சவரம் செய்யாமலிருந்து விரலால் தடவிப் பார்த்தால் திசை தெரியும். தோலை இறுக இழுத்துப் பிடிக்காமல், சிறு சிறு இழுவையாக, அழுத்தாமல் செய்யுங்கள். ஒவ்வொரு இழுவைக்குப் பின்னும் அலகை நீரில் அலசுங்கள். வழித்த இடத்தை மீண்டும் வழிக்கவேண்டுமாயின் மறுபடியும் நுரை பூசுங்கள்.

கழற்றி வீசும் அலகுள்ள றேசருக்கு அமெரிக்கரான கிங் ஜில்லெற் 1904இல் காப்புரிமை பெற்றார். மொட்டையானதை வீசிவிடவேண்டும் என்பதே அதன் நோக்கம். நாமோ அதைக் கண்ணாடிக் குவளையில் தேய்த்துத் தீட்டி, மாதக்கணக்கில் பாவிக்கிறோம். ஐந்து முதல் ஏழு சவரத்துக்கு ஒரு முறை அலகை மாற்றுங்கள். பாவித்த அலகுகளை வளவில் எறியாமல், மூடியுள்ள பால்மாப் பேணியொன்றில் சேர்த்து வையுங்கள். பிள்ளைகளின் கால்களும் ஆடுமாடுகளும் தப்பும்.

ஒருவரின் அலகு ஒருவருக்கே

எரிவை அற்ப விடயமாக எண்ணலாகாது என்பதற்கு முக்கிய காரணம் இதுவே. சுரண்டப்பட்ட தோல் திறந்த கதவு. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி அலகில் இருந்தாலும் அதன்வழி நோய் பரவலாம். ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் 'பி' வைரசு உடலுக்கு வெளியே ஏழு நாட்களாவது தொற்றும் வலுவுடன் இருக்கக்கூடியது. எனவே தகப்பனும் மகனும்கூட ஒரே அலகைப் பாவிக்கக் கூடாது. சலூனில் உங்கள் கண்முன்னே புதிய அலகு மாற்றப்படுகிறதா என்று பாருங்கள். இல்லாவிடின் தயங்காமல் கேளுங்கள். பலருக்கும் தேய்க்கும் படிகாரக் கட்டிக்கும் இதே விதி பொருந்தும்.

சவரத்தின் பின்

குளிர்ந்த நீரால் கழுவி, சுத்தமான துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்கவேண்டாம். மதுசாரம் கலந்த வாசனைத் திரவங்கள் மெல்லிய தோலை மேலும் உலர்த்தி எரிக்கும். அவற்றுக்குப் பதிலாக வாசனையற்ற ஈரப்பூச்சு சிறிது பூசலாம். வெயிலும் உப்பு நீரும் புண்பட்ட தோலை எரிக்குமாதலால், கடற்றொழிலுக்கும் வயல்வேலைக்கும் செல்வோர் காலையில் அன்றி மாலையில் சவரம் செய்வது நல்லது. எரிவு ஏற்பட்டுவிட்டால் குளிர்நீர்த் துணியை வைத்து, முற்றாக ஆறும்வரை சவரத்தை நிறுத்துங்கள்.

வைத்திய ஆலோசனையின்றிக் கடையில் ஸ்ரெறொயிட் கிறீம்களை வாங்கிப் பூசுவது ஆபத்தானது. முதலில் சுகம் தெரிந்தாலும், தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, தொல்லை பெருகும். பருக்களில் சீழ் கட்டினால், சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். அவர்கள் சிறு வெட்டையும் அலட்சியம் செய்யலாகாது.

மீசை அரும்பும் வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே சவரம் செய்யப் பழகுகிறார்கள். முதல் நாளிலேயே தனி அலகும் சரியான முறையும் அவர்களுக்குக் கிடைத்தால், இத்துன்பத்தைத் தோலின் விதியென்று எண்ணி அவர்கள் வாழவேண்டியிராது.