கைத்தொலைபேசியின் பற்றறியைத் தின்பது எது?

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. வடக்கிற்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றறியும் இருந்தது. கொக்குவில் போன்ற கிராமங்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்னில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. செய்தி முடிந்தால் சுற்றுவதும் நின்றுவிடும். மின் எதற்குச் செலவாகின்றது என்பது சுற்றிய கைக்குத் தெரியும்.

இன்று எமது கையிலுள்ள தொலைபேசியில் அது எவருக்கும் தெரிவதில்லை. காலையில் முழுமையாகச் சார்ஜ் செய்தது, யாரும் தொடாமலே மாலையில் பாதியாகக் குறைந்திருக்கின்றது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, முதியோர் மட்டும் வாழும் வீடுகள் எமது பகுதியில் ஏராளம். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்து இலவச அம்புலன்ஸைப் பெறலாம். 'சுவசெரிய' எனப்படும் இச்சேவை 2018 ஜூலையில் வடக்கிற்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆனால் அழைப்பதற்குத் தொலைபேசியில் உயிர் இருக்கவேண்டுமே!

மின்வெட்டும் எமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதுமே மின்னின்றிப் போனது.

பற்றறியை அதிகம் உண்பது திரையின் வெளிச்சமே. அடுத்து வருவன, நாம் திறக்காதபோதும் பின்னணியில் இயங்கும் செயலிகள். இவை இணையத்துடன் தொடர்புகொண்டு புதிய செய்தி உண்டா என்று பார்க்கும், நாம் இருக்கும் இடத்தைக் கணிக்கும், விளம்பரங்களை இறக்கும். பெரிய நிறுவனங்களின் செயலிகளும் இதற்கு விலக்கல்ல. 2015இல் ஐபோனுக்கான முகநூல் செயலி பின்னணியில் வீணாக மின்னைச் செலவழித்தது. அந்நிறுவனமே அதனை ஒப்புக்கொண்டு திருத்தியது.

இதற்கு மருந்தாகப் பலர் செய்வது, திறந்திருக்கும் செயலிகளையெல்லாம் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி மூடுவது. இதனாற் பயன் இல்லை. மூடிய செயலியை மீண்டும் திறக்கும்போது அது முதலிலிருந்து தொடங்கவேண்டியிருப்பதால் மின் கூடுதலாகவே செலவாகலாம். அடுப்பை அடிக்கடி அணைத்து மூட்டினால் விறகு மிஞ்சுமா? 2016இல் அப்பிள் நிறுவனத்தின் மென்பொருள் பொறுப்பாளர் கிரெய்க் ஃபெடரிகியும், அன்ட்ரொயிட் பொறுப்பாளர் ஹிரோஷி லொக்ஹைமரும் இவ்வாறு மூடுவது தேவையற்றது என்றே கூறினர். பற்றறியைச் சேமிப்பதாக விளம்பரம் செய்யும் செயலிகளை நிறுவுவது அதைவிட மோசம். அவையும் பின்னணியில் ஓடுபவையே.

செய்யவேண்டியது வேறு. தொலைபேசியின் 'அமைப்புகள்' பகுதியில் பற்றறி என்னும் இடத்திற்குச் சென்றால், எந்தச் செயலி எத்தனை வீதம் செலவழித்தது என்ற பட்டியல் கிடைக்கும். அதிற் பெரும்பாலும் இரண்டு மூன்று செயலிகளே குற்றவாளிகள்: முகநூல், குறுங்காணொளிச் செயலி, பேரப்பிள்ளை நிறுவிவிட்டுப் போன விளையாட்டு. தேவையற்றதை நீக்கிவிடலாம். வேண்டியதானால், அதன் பெயரை அழுத்திப் பின்னணி இயக்கத்தைக் கட்டுப்படுத்தலாம். சாம்சுங் தொலைபேசிகளில் செயலிகளை 'ஆழ்ந்த உறக்கத்தில்' வைக்கும் பட்டியலொன்று உண்டு; அதிற் சேர்த்த செயலி, நாம் திறக்கும்வரை எழும்பாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வட்ஸ்அப், வைபர் போன்றவற்றை இவ்வாறு உறங்க வைக்கக்கூடாது. வெளிநாட்டிலுள்ள மகன் அழைப்பான்; இங்கே மணி அடிக்காது; அம்மாவுக்கு என்ன நடந்ததோ என்று அவன் அயல்வீடுகளுக்கெல்லாம் அழைப்பான். சிலவகைத் தொலைபேசிகள், நாம் கேளாமலே, மின்னைச் சேமிக்கவென்று இச்செயலிகளை நிறுத்திவிடுகின்றன. அவற்றில் அழைப்புச் செயலிக்கு மட்டும் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றிவிடவேண்டும். எமது நோக்கில், முதியோர் வீட்டுத் தொலைபேசியில் முதலிற் பார்க்கவேண்டியது இதுதான். பங்கு இளைஞர் மன்றத்தினர் வீடு தரிசிக்கும்போது ஐந்து நிமிடத்திற் செய்துகொடுக்கக்கூடிய உதவி.

மின்வெட்டு நீளும் இரவில் இணைய இணைப்பை அணைத்துவிடலாம். வட்ஸ்அப் வராது, ஆனால் சாதாரண அழைப்புகள் வரும், 1990க்கும் அழைக்கலாம். அலைவரிசை பலவீனமாக இருந்தால், கோபுரத்தை எட்டுவதற்காகத் தொலைபேசி கூடுதல் மின்னைச் செலவிடும். ஆகவே வீட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் அதனை வைக்கவேண்டும். யன்னலோரம் நல்லது, ஆனால் பகலில் வெயில் படக்கூடாது. லிதியம் பற்றறிக்கு வெப்பம் பகை.

பற்றறி வீங்கிப் பின்மூடி மேலெழுந்திருந்தால் மேற்சொன்ன எதுவும் உதவாது. சார்ஜ் செய்வதை உடனே நிறுத்தி, திருத்துநரிடம் கொடுத்துப் பற்றறியை மாற்றவேண்டும்.