கேம் தண்டும் எஞ்சினின் இயல்பும்

நின்றவிடத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும் இரு மோட்டார் வண்டிகளின் அருகே சென்று செவி சாய்ப்போமாயின், ஒன்று மெல்லென ஒரே சீராய் ஒலித்தலும், மற்றொன்று திக்கித் திக்கி உடல் முழுவதும் நடுங்க நிற்றலும் உண்டு. திக்குவது பழுதுற்றதென்றே கருதுவோம். ஆயின், அதுவே பந்தய வெளியில் மற்றதைப் பின்னே விட்டு விரைந்தோடக் காணின் வியப்புறுவோம். நிற்குங்கால் தடுமாறுவது ஓடுங்கால் வெல்வது எங்ஙனம்? இதற்கு விடை, எஞ்சினுள் மறைந்து சுழலும் ஓர் உலோகத் தண்டின் வடிவில் அடங்கியுள்ளது. இலக்கணம் பயிலும் எமக்கு எஞ்சினோடு யாது தொடர்பென நண்பர் நகைப்பர். எப்பொருளையும் தமிழில் விளங்க உரைத்தல் தமிழ் பயில்வார் கடனே என்பது எம் துணிபு.

1876-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு நிக்கோலஸ் ஆட்டோ என்பார் செய்து காட்டிய முறையிலேயே பெட்ரோல் கார்களின் எஞ்சின்கள் பெரும்பாலும் இயங்குகின்றன. சிலிண்டருள் பிஸ்டன் கீழிறங்கிக் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை உள்ளிழுக்கும். மேலேறி அதனை நெருக்கும். கலவை தீப்பற்ற, அதன் விசையால் கீழே தள்ளப்படும். மீண்டும் மேலேறி எரிந்த புகையை வெளியேற்றும். கலவை புகுதற்கும் புகை போதற்கும் உள்ள வாயில்களின் கதவுகளே வால்வுகள். அவற்றை உரிய வேளையில் திறப்பன, கேம் தண்டின்மேல் முட்டை வடிவாய்ப் புடைத்து நிற்கும் கேம்கள்; மூடுவன சுருள்வில்கள். பிஸ்டனோடு பிணைந்த கிராங்க் தண்டு இருமுறை சுழலுங்கால் கேம் தண்டு ஒருமுறை சுழலும்.

கேமின் இயல்பை உணர்த்தும் அளவைகள் மூன்று. வால்வு எவ்வளவு உயரம் திறக்கின்றது என்பது முதலாவது. இதனை லிப்ட் என்பர். எவ்வளவு காலம் திறந்திருக்கின்றது என்பது இரண்டாவது. இதனைக் கிராங்க் தண்டின் சுழற்சிப் பாகைகளால் அளந்து, டியூரேஷன் என்பர். புகும் வால்வும் போகும் வால்வும் ஒருங்கே திறந்திருக்கும் வேளை மூன்றாவது. இஃது ஓவர்லாப் எனப்படும். இவ்விரு வால்வுகளின் கேம் முனைகளுக்கு இடையேயுள்ள கோணம் குறுகக் குறுக ஓவர்லாப் மிகும்.

பிஸ்டன் மேலிருந்து கீழே வருதற்குக் கிராங்க் தண்டு 180 பாகையே சுழல்கின்றது. அங்ஙனமாயின், புகும் வால்வும் அவ்வளவே திறந்திருந்தாற் போதாதோ எனின், போதாது. நிமிடத்திற்கு 600 சுற்றுச் சுழலும் எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை கீழிறங்க ஒரு நொடியில் 20-இல் ஒரு பங்கு கிடைக்கும். 6,000 சுற்றிலோ 200-இல் ஒரு பங்கே. காற்றுக்கும் எடையுண்டாதலின், அது புறப்படவும் தாழ்க்கும், நிற்கவும் தாழ்க்கும். ஆதலால் வால்வைச் சிறிது முன்னரே திறந்து, பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் சிறிது திறந்தே வைப்பர். விரைந்து வரும் கலவை தன் வேகத்தாலேயே மேலும் உட்புகும். வெளியேறும் புகையும் புதுக் கலவையைத் தன்பின் ஈர்க்கும். பந்தய வண்டிகளில் டியூரேஷன் 300 பாகையளவும் நீளுதற்குக் காரணம் இதுவே.

இனி, அதே கேம் மெல்லச் சுழலுங்கால் நிகழ்வதைக் காண்போம். அப்பொழுது கலவைக்கு வேகமில்லை. மேலேறும் பிஸ்டன், இன்னும் மூடாத வால்வின் வழியே புகுந்த கலவையிற் பகுதியை வெளியே தள்ளிவிடும். நெருக்கம் குறையும், முறுக்குவிசையும் குறையும். ஐடிலிங் எனப்படும் வெற்றோட்டத்திலோ கேடு இன்னும் பெரிது. காற்று வரும் வழி ஏறக்குறைய மூடப்பட்டிருத்தலின், உட்குழாயில் அழுத்தம் மிகத் தாழ்ந்திருக்கும். ஓவர்லாப் வேளையில் எரிந்த புகை அங்கே பின்னோக்கிப் பாய்ந்து புதுக் கலவையோடு கலக்கும். மாசுற்ற கலவை ஒருமுறை பற்றும், ஒருமுறை பற்றாது. நாம் முதலிற் கேட்ட திக்கலின் காரணம் இதுவே. அதனை அடக்க, வெற்றோட்டத்தின் சுற்றுக்களை உயர்த்தி வைக்க நேரும்.

எஞ்சினின் குதிரைத்திறன் முறுக்குவிசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கியதற்கு ஒத்தது. நீண்ட டியூரேஷன் முறுக்குவிசையின் உச்சத்தை மேல்வேகங்களுக்குக் கொண்டுசென்று ஆங்குத் திறனைப் பெருக்கும். கீழ்வேகங்களில் உள்ளதைக் குறைக்கும். இதற்கு 1957-ஆம் ஆண்டின் செவர்லே கார்வெட் வண்டி நல்ல சான்று. 283 கன அங்குல அளவுடைய ஒரே எஞ்சின், பெட்ரோலைப் பீச்சும் ஒரே முறையோடு இருவகையாய் விற்கப்பட்டது. மென்மையான கேம் கொண்டது 5,000 சுற்றில் 250 குதிரைத்திறன் தந்தது. சோரா ஆர்க்கஸ் டண்டவ் என்னும் பொறியாளர் வகுத்த கேம் கொண்டது 6,200 சுற்றில் 283 தந்தது. பின்னதில் நெருக்க விகிதமும் 9.5-இலிருந்து 10.5 ஆக உயர்த்தப்பட்டமையின், பெருமை முழுதும் கேமிற்கே உரியதன்று. எனினும், திறனின் உச்சம் 1,200 சுற்று மேலேறியதில் கேமின் கைவண்ணம் தெளிவாய்த் தெரிகின்றது.

பந்தய ஒலியை விரும்பித் தம் வண்டியின் கேமை மாற்றும் இளைஞர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். பல பெட்ரோல் கார்களில் பிரேக்கை மிதிக்கும் காலுக்குத் துணைநிற்பது உட்குழாயின் தாழ்ந்த அழுத்தமே. ஓவர்லாப் மிகுந்த கேம் அவ்வழுத்தத்தைத் தாழவிடாது. துணை குன்ற, பிரேக் மிதி கடினமாகும். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நில்லாமற் போதலுங் கூடும். செவிக்கு இன்பம் தரும் திக்கல் உயிருக்கு விலையாதல் தகுமோ?

ஒரே வடிவுடைய கேம் இருவேகங்களுக்கும் நிறைவாய் ஊழியம் செய்தல் அரிதென உணர்ந்தே, பொறியாளர் வேறு வழி நாடினர். 1989-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு ஹோண்டா நிறுவனத்தார் இன்டெக்ரா வண்டியில் விடெக் என்னும் அமைப்பைப் புகுத்தினர். மெல்லச் செல்லுங்கால் ஒரு கேமும், விரையுங்கால் உயரமும் நீளமும் மிகுந்த வேறொரு கேமும் வால்வுகளை இயக்குமாறு அதில் அமைத்தனர். 1.6 லிட்டர் எஞ்சின் 7,600 சுற்றில் 160 குதிரைத்திறன் தந்தும், நிற்குங்கால் அமைதியாய் நின்றது.

இவ்வமைப்பு இல்லாத வண்டிக்குக் கேமைத் தெரிவோர், அதன் உச்சத்திறன் எவ்வளவு என்று மட்டும் வினவுதல் போதாது. தாம் நாள்தோறும் எவ்வேகத்தில் செல்வோம் என்பதையே முதற்கண் வினவுதல் வேண்டும். சந்தைத் தெருவில் நின்று நின்று செல்லும் வண்டிக்குப் பந்தய வெளியின் கேம் பயன்படாது. எங்கு வல்லமை வேண்டும் என்பதை அறிந்து தெரிதலே அறிவுடைமையாம்.