செயினை மட்டும் மாற்றினால் போதுமா?

அறுவடை இயந்திரம் பரப்பிவிட்டுப் போன வைக்கோலை பேலர் எப்படிச் சுருட்டிக் கட்டாக்குகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். காவிரி டெல்டாவில் ஓடும் சிறிய உருளைக்கட்டு பேலர்களில் அந்த வேலை ஒரு கியர் பாக்ஸையும் சில செயின்களையும் நம்பி நடக்கிறது. டிராக்டரின் பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று தருகிறது. அதைக் கியர் பாக்ஸ் பக்கவாட்டில் திருப்பிவிட, செயின்கள் கட்டு அறையின் இரும்பு உருளைகளைச் சுழற்றுகின்றன. சில பருவம் ஓடியதும் கட்டு இறுகும் நேரத்தில் செயின், ஸ்பிராக்கெட் என்னும் பல்சக்கரத்தின் பல்லைத் தாண்டிக் குதிக்கும். உடனே புதுச் செயின் வாங்கி மாட்டிவிட்டு வயலுக்கு இறங்கிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம்தான் வண்டிக்காரரின் பணத்தைத் தின்கிறது என்பது என் உறுதியான கருத்து. செயினும் ஸ்பிராக்கெட்டும் பேரிங்கும் ஆயில் சீலும் ஒன்றையொன்று தேய்க்கும் உறுப்புகள். நான்கையும் சேர்த்துச் சோதிக்காமல் செய்யும் வேலை, அடுத்த பழுதுக்கு முன்பணம் கட்டுவதற்குச் சமம்.

'செயின் இழுத்துக்கொண்டது' என்று சொல்வது வழக்கம். உண்மையில் பட்டைகள் நீளுவதில்லை. உள்ளே இருக்கும் பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை அளவு தேய்வு சேர்ந்து மொத்த நீளத்தைக் கூட்டுகிறது. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அதோடு வயல் மண்ணும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். கண்ணுக்குப் பிடிபடாத இதை அளவுகோல் காட்டிவிடும். முக்கால் அங்குலக் கண்ணி கொண்ட செயினில் 16 கண்ணிகள் சேர்ந்து 304.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்து அளக்கும்போது 314-ஐ நெருங்கினால் 3 சதவீதம் தேய்ந்துவிட்டது. அந்தச் செயின் இனி ஆகாது. அதற்குள் நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் நுனியை நோக்கி ஏறி, பல்லைக் கொக்கிபோல் வளைத்திருக்கும். அந்தக் கொக்கிப் பல்லில் புதுச் செயினை மாட்டினால் சுமை ஓரிரு பற்களில் மட்டும் விழும். புதுச் செயினும் சீக்கிரமே பழையதாகிவிடும்.

இனி கியர் பாக்ஸ். செயினின் உள்பட்டைகளில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். டிராக்டரை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, செயினைக் கழற்றி, வெளிவரும் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அதற்கும் முன்னால் ஆயில் சீல் போயிருக்கும். ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும் வைக்கோல் சீலின் உதட்டை அறுத்துவிடும். ஆயில் கசியும், தூசியும் ஈரமும் உள்ளே போகும். வடித்த ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரும்புத் துணுக்குகள் மின்னினால் பற்கள் தேய்கின்றன. பேரிங் மாற்றும்போது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களை அளந்து, பழைய கணக்கிலேயே திரும்பப் போட்டு, பற்கள் முழு அகலத்தில் பொருந்துகின்றனவா என்று நீலச் சாயம் தடவிப் பார்க்க வேண்டும். கூம்புப் பல்சக்கரத்தில் ஒன்று கெட்டாலும் ஜோடியாகவே மாற்றுவது நல்லது.

"சீசனில் வண்டி ஒரு நாள் நின்றாலே நஷ்டம், இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்ற கேள்வி நியாயமானது. சம்பா அறுவடையின் நடுவில் கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொல்லவில்லை. அப்போது ஒரு லிங்க்கை எடுத்து இறுக்கி ஓட்டுவது அவசரத்துக்குச் சரி. ஆனால் அறுவடை முடிந்து வண்டி கொட்டகையில் நிற்கும் மாதங்களிலும் அப்படியே விடுவதற்கு நியாயம் இல்லை. செலவு கூடும் என்பார்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை; 1 சதவீதமே தேய்ந்த செயின் இன்னும் ஓடும். அளவெடுப்பது வீண்செலவையும் தடுக்கிறது. தேய்ந்த பல்லை வெல்டிங் வைத்து நிரப்பலாமே என்றால், பல்லின் வடிவமும் கடினமும் திரும்பக் கிடைப்பது அரிது. பழைய பற்களைக் கடைசல் பட்டறையில் சீவி எடுத்துவிட்டு, நடுக்கட்டையில் புதுப் பல்தட்டை மையம் பார்த்துப் பற்றவைப்பது அதைவிட நம்பகமானது. ஆயில் விட்டால் தூசி ஒட்டும் என்பதும் பாதி உண்மை. வேலை முடிந்து செயின் சூடாக இருக்கும்போதே பட்டைகளின் இடுக்கில் சுத்தமான ஆயிலை விட்டு, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டால் தூசி தங்காது. என்ஜினிலிருந்து வடித்த கழிவு ஆயிலைப் பூசுவதுதான் அழுக்கை உள்ளே கொண்டுபோகும்.

ஆகவே வேலையின் வரிசை இது: முதலில் சீலும் பேரிங்கும், அடுத்து ஸ்பிராக்கெட்டின் நேர், கடைசியாகச் செயின். பட்டறையில் நாம் செய்வது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். ஓர் அளவுகோலும் ஒரு நோட்டும் இருந்தால் எந்தப் பருவத்தில் எவ்வளவு தேய்ந்தது என்று உரிமையாளரே எழுதி வைக்கலாம். அந்தக் கணக்கு கையில் இருப்பவரிடம் எந்த மெக்கானிக்கும் தேவையில்லாத உதிரிபாகத்தை விற்க முடியாது.

(அடுத்த வாரம்: பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் அறுந்துபோகவென்றே வைத்த போல்ட்டுக்குப் பதிலாக உறுதியான போல்ட் போடுவது ஏன் ஆபத்து?)