ஜெனீவா கேட்கும் கேள்வி புக்கிட் தெங்கா பட்டறைக்கு எப்படி வருகிறது?

புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் ஐந்து பேரை வைத்து நடக்கும் சிறிய பட்டறைகூட, இப்போது தன் ஊழியர்களில் ஒருவரைப் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளராக நியமித்தாக வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தச் சட்டத்தின் கட்டளை அது. அதே ஜூன் மாதத்தில் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமான ஐஎல்ஓவின் 155-ஆவது உடன்பாட்டையும் மலேசியா ஏற்றுக்கொண்டது. 187-ஆவது உடன்பாட்டை 2012-இலேயே ஏற்றிருந்தது.

கையெழுத்துப் போட்டதோடு கதை முடிவதில்லை. இவ்விரண்டும் 2022-இல் அடிப்படை உடன்பாடுகளாக உயர்த்தப்பட்டன. ஆகவே மூன்றாண்டுக்கு ஒருமுறை அரசாங்கம் ஜெனீவாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். சட்டம் என்ன, எத்தனை சோதனைகள் நடந்தன, எத்தனை விபத்துகள் என்றெல்லாம் அதில் சொல்லியாக வேண்டும். அறிக்கையின் நகலைத் தொழிற்சங்கத் தரப்புக்கும் முதலாளிகள் தரப்புக்கும் கொடுப்பது கட்டாயம். “அரசாங்கம் சொல்வது முழுப்படம் அல்ல” என்று எம்டியுசி கருதினால், தன் கருத்தைத் தனியாக ஜெனீவாவுக்கு எழுதலாம். இருபது சட்ட வல்லுநர்கள் கொண்ட குழு இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கும். குறை இருந்தால் அரசாங்கத்திடம் விளக்கம் கேட்கும், கடுமையானால் பகிரங்கமாகவே எழுதும். சில நாடுகள் ஜூன் மாநாட்டில் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்ல அழைக்கப்படும்.

அபராதமோ சிறையோ அங்கே கிடையாது. உலகத்தின் முன் தலைகுனிவு ஏற்படும், அவ்வளவுதான். ஏற்றுமதியை நம்பியிருக்கும் நாட்டுக்கு அது சின்ன விஷயமுமல்ல.

நம் சட்டத்தின் வரலாறு விபத்துகளோடு பின்னியது. 1991 மே 7-இல் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டார்கள். அதன் பிறகே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. தொழிற்சாலையோடு நிற்காமல் விவசாயத்தையும், அதாவது தோட்டங்களையும் அது உள்ளடக்கியது. இது தோட்டத்து மக்கள் பலருக்கு இன்றும் தெரியாது. புதிய திருத்தம் முதலாளிக்கான உச்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியுள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்தும் முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். வீட்டுப் பணிப்பெண்கள் இன்னும் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

சட்டம் இருந்தும் தாமதம் எவ்வளவு என்பதற்குப் பாராகுவாட் களைக்கொல்லி போதும். 2002-இல் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள். முழுத் தடை 2020 ஜனவரி 1-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் தோளில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் நம் பெண்கள் எத்தனையோ பேர்.

கண்காணிப்பின் பலவீனம் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. நான்கு நாள்களுக்கு மேல் வேலைக்குப் போக முடியாத காயம் என்றால், முதலாளி ஏழு நாள்களுக்குள் ஜேகேகேபிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். கைவிரல் நசுங்கியவரைக் கிளினிக்கில் காட்டி, மருத்துவ விடுப்பு கொடுத்து, விஷயத்தை அமுக்கிவிட்டால் அந்த விரல் எந்தக் கணக்கிலும் ஏறாது. குத்தகையாளிடம் வேலை செய்யும் வெளிநாட்டவர் என்றால் கேட்கவே வேண்டாம். 2017 அக்டோபர் 21-இல் தஞ்சோங் புங்கா கட்டுமானத் தளத்தில் மண்சரிந்து இறந்த 11 பேரில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்களே. மரணத்தை மறைக்க முடியாது. சிறு காயங்களை மறைப்பது சுலபம்.

தனிமனிதர் நேரே ஜெனீவாவுக்குப் புகார் செய்ய வழியில்லை, சங்கத்தின் வழியேதான் போக வேண்டும். ஆனால் ஜேகேகேபியிடம் எவரும் புகார் செய்யலாம். பாதுகாப்பு பற்றிப் புகார் செய்ததற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வதைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுக்கிறது. தேதி, இடம், இயந்திரம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைக் குறித்துவைத்துச் சங்கக் கிளையிடமும் ஒரு நகல் கொடுத்தால், அடுத்த அறிக்கைக் காலத்தில் அது சங்கத்தின் கருத்தில் சேரக்கூடும்.

வல்லுநர் குழு மலேசியாவிடம் கேட்ட கேள்விகளை ஐஎல்ஓ இணையத்தளத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மூன்று மொழிகளில் அவை கிடைக்கின்றன.