நாய்க்கும் சேர்த்து ஓர் அறை

செல்லப் பிராணிகளை வரவேற்கும் நட்சத்திர ஹோட்டல்கள் பெருகிவருகின்றன. ஹைதராபாத்தின் பேகம்பேட்டில் அறை தேடுகிறவர்கள் மெத்தையைப் பார்ப்பதா, நிபந்தனையைப் பார்ப்பதா?

பேகம்பேட்டின் பங்களா கேட்டுகளில் தெலுங்கில் ஒரு பலகை தொங்கும்: 'குக்க உன்னதி ஜாக்ரத்த.' நாய் இருக்கிறது, ஜாக்கிரதை. வீட்டுக்காரருக்கு அது பெருமை, தபால்காரருக்கு எச்சரிக்கை. ஆனால் அதே நாய் தன் எஜமானருடன் ஊர்விட்டு ஊர் போய் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நின்றால், ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள் பட்டியல் நீண்டுவிடுகிறது. பக்கத்து அறை விருந்தினர், லிஃப்டில் வரும் குழந்தை, அறையைச் சுத்தம் செய்யும் ஊழியர், கடைசியில் பில்லைப் பார்க்கும் எஜமானர்.

சில பத்தாண்டுகளுக்கு முன்னால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. குடும்பம் வெளியூர் போனால் நாய் பக்கத்து வீட்டில் இருக்கும், அல்லது வாட்ச்மேன் சோறு வைப்பார். இன்று அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே தெரிவதில்லை. குழந்தைகள் அமெரிக்காவுக்குப் போய்விட்ட வீடுகளில் நாய்தான் கடைசிப் பிள்ளை. கல்யாணத்துக்குப் போனாலும் மாற்றலாகிப் போனாலும் அதுவும் கூடவே வருகிறது. விளைவு: 'பெட் ஃபிரண்ட்லி' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஹோட்டல் விளம்பரங்களில் நீச்சல் குளத்துக்கும் காலை உணவுக்கும் சமமான இடத்தைப் பிடித்துவிட்டன.

பேகம்பேட் விருந்தாளிகளுக்குப் பழக்கப்பட்ட இடம். இரண்டாம் நிஜாமின் மகள் பஷீர்-உல்-நிஸா பேகத்துக்கு, பைகா பிரபு குடும்பத்தில் திருமணமானபோது சீதனமாக வந்த நிலம் என்பதால் ஊருக்கு இந்தப் பெயர். நகரின் விமான நிலையம் இங்கேதான் இருந்தது. அதனால் நல்ல ஹோட்டல்களும் இங்கே வந்து சேர்ந்தன. வாரங்கல்லை ஆண்ட வம்சத்தின் பெயர் தாங்கிய ஐ.டி.சி. காகதீயாவும், டாடா குழுமத்தின் இந்தியன் ஹோட்டல்ஸ் கம்பெனி நடத்தும் விவாந்தாவும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. 2008 மார்ச்சில் பயணிகள் விமானங்கள் ஷம்ஷாபாத்துக்குப் போய்விட்டன. ஆனால் ஹோட்டல்கள் போகவில்லை. செகந்திராபாத் ரயில் நிலையம் பக்கம், உசேன் சாகர் ஏரி பக்கம், மெட்ரோ வாசலில் என்ற வசதிகள் மிச்சமிருந்தன.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒரு குடும்பம் நாயோடு இங்கே வந்து சேர்வதுதான் முதல் சோதனை. ரயில்வே விதி தெளிவானது: ஏ.சி. முதல் வகுப்பில் இருவர் கூபேயையோ நால்வர் கேபினையோ முழுமையாகப் பதிவு செய்தவர்கள் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். பார்சல் அலுவலகத்தில் அதற்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டடுக்கு ஏ.சி., மூன்றடுக்கு ஏ.சி., ஸ்லீப்பர் எதிலும் அனுமதி இல்லை. மற்றவர்களின் நாய்க்கு கார்டு பெட்டியில் இருக்கும் இரும்புக் கூண்டுதான் கதி. இரவு முழுவதும் இருட்டில், சத்தத்தில், எஜமானர் வாசனையே இல்லாமல் வந்திறங்கும் நாயிடம் மறுநாள் காலை ஹோட்டல் வராந்தாவில் நல்லொழுக்கத்தை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

விமானத்தில் சிக்கல் வேறு விதம். ஆகாசா ஏர் 2022 நவம்பரில் பிராணிகளைப் பயணிகளோடு கேபினில் ஏற்றத் தொடங்கியபோது வைத்த வரம்பு, கூண்டையும் சேர்த்து 7 கிலோ. பின்னர் அது உயர்த்தப்பட்டது. ஆனால் எவ்வளவு உயர்த்தினாலும் இருக்கைக்கு அடியில் அடங்க வேண்டும் என்ற நிபந்தனை, மடியில் உட்காரும் நாய்களுக்காக எழுதப்பட்டதுதான். 2003-ல் ஹட்ச் கைபேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடி நாடு முழுவதையும் மயக்கிய பக் இன நாய்கூட வளர்ந்தபின் அந்த முதல் வரம்புக்குள் அடங்குவது கடினம்.

போதாக்குறைக்கு, நம் ஊர் நாய்களுக்கு இந்தத் தராசில் இடமே இல்லை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர் வேட்டை நாய், தக்காணத்தின் முதோல், நம் ராஜபாளையம். தபால்தலையில் அடங்கிய ராஜபாளையம் விமான இருக்கைக்கு அடியில் அடங்காது. 25 கிலோவை அது சர்வசாதாரணமாகத் தொடும். பல ஹோட்டல்களும் எடை வரம்பு வைக்கின்றன. ஆக, 'எல்லாச் செல்லங்களுக்கும் நல்வரவு' என்று பலகை சொன்னாலும் நடைமுறையில் நல்வரவு சின்ன உருவத்துக்கு, அதுவும் பெரும்பாலும் வெளிநாட்டு இனத்துக்குத்தான்.

பாணியின் பிறப்பிடம் அமெரிக்கா. 1981-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பில் கிம்ப்டன் தொடங்கிய ஹோட்டல் குழுமம் இதில் முன்னோடி. பழைய கட்டடங்களை வாங்கி, ஒவ்வொன்றையும் தனி அழகோடு புதுப்பித்து, நாயோடு வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. எடை வரம்பு இல்லை, இன வரம்பு இல்லை, வாசலுக்குள் நுழைய முடிகிற எந்தச் செல்லமும் வரலாம் என்பது அதன் கொள்கை. நெடுங்காலம் கூடுதல் கட்டணமும் வாங்கவில்லை. இது கருணை மட்டுமல்ல, கணக்கும்கூட. நாயோடு வருகிறவர் வேறு ஹோட்டலுக்கு எளிதில் மாற மாட்டார், அறைக்குள்ளேயே சாப்பிடுவார், அடுத்த முறையும் இங்கேயே வருவார். 2015-ல் ஐ.எச்.ஜி. என்ற பன்னாட்டு நிறுவனம் இந்தக் குழுமத்தை வாங்கியது.

இந்தியாவுக்கு வந்தபோது பாணியின் வெளித்தோற்றம் முதலில் வந்தது. நாய்க்குக் குட்டி மெத்தை, பெயர் பொறித்த கிண்ணம், உப்பில்லாத கோழிக்கறியும் சாதமும், வரவேற்பறையில் ஒரு புகைப்படம். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நாய்க்கு மெத்தை பெரிய விஷயமே அல்ல. வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய துண்டில்தான் அது தூங்கும். ஏனென்றால் அதில்தான் வீட்டு வாசனை இருக்கிறது. நாய்க்கு உண்மையில் வேண்டியவை வேறு. வழுக்காத தரை, தரைத்தளத்திலோ முதல் மாடியிலோ ஓர் அறை, இரவு பதினொன்றுக்கும் காலை ஐந்தரைக்கும் இறங்கிப் போக ஒரு வழி, கால் பதிக்கக் கொஞ்சம் மண்.

பேகம்பேட்டில் அந்த மண்தான் அபூர்வம். சர்தார் படேல் சாலையில் விடியற்காலை தவிர மற்ற நேரத்தில் மனிதர் கடப்பதே சாகசம். ஹைதராபாத் மாநகராட்சி 2018-ல் நாய்களுக்கென்றே 1.3 ஏக்கரில் ஒரு பூங்காவைத் திறந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அது இருப்பது நகரின் மேற்கே கொண்டாப்பூரில். ஹோட்டலின் புல்வெளி எத்தனை சதுர அடி, அதில் நாயை விடுவார்களா என்பது உணவுப் பட்டியலைவிட முக்கியமான தகவல்.

நிபந்தனைத் தாளை வாங்கிப் படித்தால் ஹோட்டலின் மனசு தெரிந்துவிடும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழ், ஓர் அறைக்கு எத்தனை நாய், அறையில் தனியாக விட்டுப்போகலாமா, எந்த லிஃப்ட், சேதமானால் எவ்வளவு, சுத்தம் செய்யத் தனிக் கட்டணம் ஒரு முறையா, ஒவ்வோர் இரவுக்குமா. சில இடங்களில் இனப் பட்டியலும் இருக்கும். பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி மத்திய அரசு 2024 மார்ச்சில் மாநிலங்களுக்கு எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. ஆனாலும் ஹோட்டல் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளலாம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்யக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-ல் சொன்னது குடியிருப்போருக்குத்தான், விருந்தாளிகளுக்கு அல்ல. ஒரே குழுமத்தின் இரண்டு ஹோட்டல்களில் இரண்டு விதமான பதில் கிடைப்பதும் உண்டு. எனவே குழுமத்தின் பெயரை நம்பாமல் அந்தந்த ஹோட்டலிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது.

கட்டணத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் அறைக்குப் பின்னால் நடப்பதையும் பார்க்க வேண்டும். நாய் தங்கிய அறையின் கம்பளத்தில் முடி புதைந்திருக்கும். திரைச்சீலையில் வாசனை இருக்கும். அடுத்து வருகிறவருக்கு ஆஸ்துமா இருக்கலாம். அறையைக் காலியாக விட்டு, துணிகளை மாற்றி, மறுபடி உறிஞ்சித் துடைக்க நேரமாகும். அத்தனையும் செய்வது நிர்வாகம் அல்ல, வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் ஹவுஸ்கீப்பிங் ஊழியர். நாயைக் கொஞ்சி வளர்ந்தவராக அவர் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தெருநாய்க்குப் பயந்து பள்ளிக்குப் போனவராகவும் இருக்கலாம்.

அந்தப் பயத்தை அற்பமாகப் பேச ஹைதராபாத்தில் யாராலும் முடியாது. 2023 பிப்ரவரியில் அம்பர்பேட்டில் நான்கு வயதுச் சிறுவனைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றன. கண்காணிப்பு கேமரா பதிவு நாடு முழுவதையும் உலுக்கியது. உலகில் வெறிநாய்க்கடி நோயால் இறப்பவர்களில் 36 சதவீதம் இந்தியர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மெத்தையும் கிண்ணமும் பெறும் நாயும், குப்பைத் தொட்டியில் சாப்பாடு தேடும் நாயும் ஒரே நகரத்தில் சில கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்கின்றன. முன்னதன் தடுப்பூசிச் சான்றிதழை வரவேற்பறையில் கேட்பது அவமானப்படுத்த அல்ல. விலங்கிடமிருந்து மனிதனுக்கு நோய் எப்படித் தாவுகிறது என்பது பேகம்பேட்டுக்குத் தெரியாத பாடமும் அல்ல. 1897 ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டறிந்த கட்டடம், பழைய விமான நிலையத்தின் அருகே இன்றும் நிற்கிறது.

சான்றிதழும் நிபந்தனையும் இல்லாத விருந்தோம்பலும் உண்டு. மும்பையின் தாஜ் மஹால் ஹோட்டல் வாசலில், கேட்வே ஆஃப் இந்தியா எதிரே, தெருநாய் ஒன்று நிம்மதியாகத் தூங்கும் காட்சியை 2024-ல் ஒரு விருந்தினர் வியந்து எழுதினார். வளாகத்துக்குள் வரும் நாய்களை நன்றாக நடத்த வேண்டும் என்பது ரத்தன் டாடாவின் உத்தரவு என்று ஊழியர்கள் அவரிடம் சொன்னார்கள். டாடா குழுமத்தின் தலைமையகமான பாம்பே ஹவுஸ் 2018-ல் புதுப்பிக்கப்பட்டபோது தெருநாய்களுக்கென்றே அங்கே ஓர் அறை ஒதுக்கப்பட்டது. 2024 அக்டோபரில் அவர் மறைந்தபோது அஞ்சலி செலுத்த அழைத்து வரப்பட்டவர்களில் 'கோவா' என்ற அவருடைய நாயும் ஒன்று. அந்த நாய்களிடம் யாரும் கிரெடிட் கார்டு கேட்கவில்லை. பெயர் பொறித்த கிண்ணமும் தரவில்லை. விரட்டாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

எல்லா ஹோட்டலும் தாஜ் வாசலாக முடியாது, ஆகவும் தேவையில்லை. ஆனால் அந்த வாசல் ஓர் அளவுகோலைத் தருகிறது. ஊழியர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அது. நாயைக் கண்டால் எப்படி நிற்க வேண்டும், பயப்படும் ஊழியருக்கு அந்த மாடியிலிருந்து விலக்கு உண்டா, நாய் பிடிக்காத விருந்தினருக்கு வேறு தளத்தில் அறை கொடுப்பார்களா, பார்வையற்றவரோடு வரும் வழிகாட்டி நாய் செல்லப் பிராணி அல்ல, அவருடைய கண் என்பது வரவேற்பறைக்குத் தெரியுமா. இவற்றுக்கு உடனே பதில் சொல்லும் ஹோட்டல், மெத்தை தராவிட்டாலும் நாயை வரவேற்கும் ஹோட்டல்தான். புகைப்படத்துக்கு ரிப்பன் கட்டிவிட்டு, இரவில் குரைத்தால் காவலாளியை அனுப்பும் ஹோட்டல் விளம்பரத்தில் மட்டுமே நண்பன்.

எஜமானர்களுக்கும் கடமை இருக்கிறது. கயிற்றைக் கழற்றாமல் இருப்பது, கழிவை அள்ளுவது, புது இடத்தில் நாயைத் தனியே பூட்டிவிட்டு சார்மினார் பார்க்கப் போகாமல் இருப்பது. குழந்தை மாதிரி என்று சொல்கிறவர்கள், குழந்தையை ஹோட்டல் அறையில் தனியே பூட்டிவிட்டு வெளியே போவதில்லை. வயதான நாய், வாகனத்தில் வாந்தி எடுக்கும் நாய், அந்நியரைக் கண்டால் உறுமும் நாய் ஆகியவற்றுக்குப் பயணமே தண்டனை. அவற்றுக்கு ஐந்து நட்சத்திர அறையைவிட, தெரிந்த ஒருவர் தினமும் இரண்டு வேளை வந்து பார்த்துக்கொள்ளும் சொந்த வீடு உத்தமம்.

அறையின் வாடகை, மெத்தையின் கனம், காலை இட்லியின் மென்மை எல்லாவற்றுக்கும் மனிதர்கள் நட்சத்திரம் போட்டுக்கொள்ளலாம். நாயின் மதிப்பீடு எளிமையானது. வந்த முதல் இரவு அது நிம்மதியாகத் தூங்கியதா, காலையில் தண்ணீர் குடித்ததா, அறையைச் சுத்தம் செய்ய வந்தவரைக் கண்டு வாலாட்டியதா. அவரும் பயப்படாமல் உள்ளே வந்தாரா என்பதையும் சேர்த்துக்கொண்டால் மதிப்பீடு முழுமையாகிவிடும்.