பவளத்திற்கு இடம் தேடும் முன்

கண்ணாடித் தொட்டியில் பொன்மீன் வளர்ப்பது நம் இல்லங்களுக்குப் புதிதன்று. ஆனால் சபர் சென்று வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் குடும்பத்தோடு வாழ்வோரில் சிலருக்குக் கடல்நீர்த் தொட்டி அமைத்து, அதனுள் உயிருள்ள பவளங்களை வளர்க்கும் ஆர்வம் பிறந்திருக்கிறது. அத்தகையோருக்கே இக்கட்டுரை.

தாயகத்தில் இருப்போர் இதை வாசித்து அறிவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2001ஆம் ஆண்டு முதல் பாறைப் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான பாதுகாப்பில் உள்ளன. எடுப்பதும் விற்பதும் குற்றம். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளை ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்களுக்காகப் படகு படகாக வெட்டி எடுத்தோம். 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஊர் திரும்புகையில் பெட்டியில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வரலாம் என்றும் எண்ண வேண்டாம்.

பவளத்தைக் கல் என்போரும் உளர், செடி என்போரும் உளர். அது பிராணி. சின்னஞ்சிறு உயிர்கள் பல ஒன்றுகூடிக் கட்டிய சுண்ணாம்புக் குடியிருப்பு. அவற்றின் சதைக்குள் கண்ணுக்குப் புலப்படாத பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, இடம் கொடுத்த பவளத்திற்கும் பங்களிக்கின்றன. நகைக்கடைச் செம்பவளம் வேறு. மத்தியதரைக் கடலின் மங்கிய ஒளியில் வளரும் அதற்கு இந்தப் பாசிகள் இல்லை. மீனுக்கு ஓரிடம் ஒவ்வாவிட்டால் நகர்ந்துவிடும். பவளமோ நாம் வைத்த இடத்திலேயே வாழவோ மடியவோ வேண்டும். எனவே நிறப்பொருத்தம் பார்த்துப் பூச்சாடி போல் அடுக்குவது தகாது. கடலில் அது எங்கே வாழ்ந்த இனம் என்று முதலில் கேளுங்கள்.

மான்கொம்பு போல் கிளை விரிக்கும் அக்ரோபோரா, அலை மோதும் ஆழமற்ற முகடுகளில் வாழ்வது. அதற்கு விளக்கின் கீழ் உச்சியிலும் வலுவான நீரோட்டத்திலும் இடம் வேண்டும். நீண்ட சதைக்கரங்களை அசைக்கும் யூபில்லியாவுக்கு நடுத்தட்டு பொருந்தும். கரங்கள் மெல்ல ஆடினால் போதும், பம்பின் நேர்வீச்சு சதையைக் கிழித்துவிடும். தட்டு வடிவ ஃபங்கியா கடலில் ஒட்டாமல் தரையில் கிடப்பது. அதை மணலிலேயே விடுங்கள். காளான் பவளங்கள் அடிநிழலிலும் நிறைவாக இருக்கும்.

உச்சிக்குரியதையும் முதல்நாளே உச்சியில் ஏற்றலாகாது. கடையின் விளக்கும் உங்கள் விளக்கும் ஒன்றல்ல. கீழே வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக உயர்த்துக. ஒளி மிகுந்தால் பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் கடல்நீர் சூடேறியபோது நிகழ்ந்ததும் இவ்வெளுப்புதான். ஒளி குறைந்தாலோ நிறம் மங்கிப் பழுப்பேறும்.

பலரும் அறியாதது, இரவில் நடக்கும் போர். பகலில் பூங்கொத்து போல் அமைதியாக இருக்கும் கேலாக்சியா, விளக்கணைந்தபின் கண்ணாடி இழை போன்ற நீண்ட கொட்டுக்கரங்களை நீட்டி அயலாரைத் தீண்டும். வேறு சில இனங்கள் தம் குடல்இழைகளையே வெளியே செலுத்திப் பக்கத்துப் பவளத்தின் சதையைச் செரித்துவிடுகின்றன. காலையில் பார்த்தால் ஒருபுறம் வெள்ளை எலும்புக்கூடு! வீட்டுக்காரர் தண்ணீரைக் குறை சொல்வார். ஆகவே இத்தகையவற்றைச் சுற்றிக் குறைந்தது 15 சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள்; நீரோட்டம் செல்லும் திசையில் இன்னும் அதிகம், ஏனெனில் கரங்களை நீரே சுமந்து செல்லும். வளர்ச்சிக்கும் இடம் கணக்கிட வேண்டும். தோல் பவளங்கள் கொட்டுவதில்லை. நீரில் இரசாயனத்தைக் கசியவிட்டுப் பாறைப் பவளங்களை நலியச் செய்யும். அவற்றைச் சேர்த்து வளர்ப்போர் வடிகட்டியில் கிளர்வூட்டிய கரி இடுவது நல்லது. ஸீனியா போன்று படர்பவற்றை மணல் நடுவே தனிக்கல்லில் வையுங்கள். பெரும்பாறையில் ஏறிவிட்டால் அகற்றுவது பெரும்பாடு.

இடம் அமைந்தபின் சில வாரங்கள் தொடாதீர்கள். நாள்தோறும் இடம் மாற்றுவது பவளத்திற்கு இம்சை.

குழந்தைகள் உள்ள இல்லங்களுக்கு ஒரு சொல். பொத்தான் போன்ற வண்ண வட்டங்களாகப் பரவும் ஸோவாந்தஸ் இனத்தாரில் சிலவற்றில் பாலிடாக்ஸின் எனும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் அணிந்தே அவற்றைக் கையாளுங்கள். அவை ஒட்டிய கல்லில் கொதிநீர் ஊற்றவோ அதை வேகவைக்கவோ கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனை சேர்ந்திருக்கிறார்கள்.