முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டி ஓட்டிப் பழகிய நம் முன்னோர் இரண்டு அரிய சொற்களை நமக்கு விட்டுச் சென்றனர். வண்டியின் முன்னே சுமை மிகுந்தால் முன்பாரம்; நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் பின்பாரம். நுகம் மேலெழ, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மூட்டைகள் எத்தனை என்பதிலும் பார்க்க, அவை எங்கே அடுக்கப்பட்டன என்பதையே வண்டிக்காரன் முதலிற் கவனிப்பான். பழைய மோட்டார் வண்டிகளை மாற்றியமைப்போருக்கும் இக்கவனம் இன்றியமையாதது.

நம் தெருக்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனரையே உதாரணமாகக் கொள்வோம். அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வண்டி 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அவர் எஞ்சினை இயன்றவரை முன்னே தள்ளி வைத்தார். அதனால் உள்ளே இடம் கிடைத்தது. முன்பாரம் சற்று மிகுந்திருந்தமையால் வண்டி நேர்வழி பிசகாது ஓடிற்று. 1962 இல் வந்த 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினின் வலுவும் 48 குதிரைவலுவே. ஸ்பிரிங்கும் பிரேக்கும் அத்தகைய எஞ்சினுக்கு இசைய அமைந்தவை.

இன்று சிலர் அதனைக் கழற்றிவிட்டுப் பாரமான வேறு எஞ்சினைப் பொருத்துகின்றனர். வேகம் கூடுகிறது, முன்பாரமும் கூடுகிறது. டயர் நிலத்தைப் பற்றும் பிடிப்பு, பாரம் ஏற ஏறத் தானும் ஏறும். ஆனால் அதே விகிதத்தில் ஏறாது. பாரம் இரட்டித்தாலும் பிடிப்பு இரட்டிப்பதில்லை. ஆகவே வளைவில் முன்சக்கரங்கள் வெளிப்புறம் வழுக்க, ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி அகன்றே செல்லும். பின்புறமோ பாரங் குறைந்து நிற்கும். மைனரை உந்துபவை பின்சக்கரங்கள். ஈரமான ஏற்றத்தில் அவை வீணே சுழலும். பிரேக் போட்டால் அவையே முந்திப் பூட்டிக்கொள்ளும்.

இதனைச் சமன்செய்ய எண்ணிப் பற்றறியையும் கருவிப்பெட்டியையும் டிக்கிக்கு மாற்றுவோர் உளர். கருத்து நன்று; கணக்கு வேண்டும். மைனரின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 86 அங்குலம். பின்னச்சுக்கு 21½ அங்குலம் பின்னே 40 கிலோ வைத்தால், பின்னச்சில் ஏறுவது 40 அன்று, 50 கிலோ. மிகுதி 10 கிலோ முன்னச்சிலிருந்து தூக்கப்பட்டதாகும். மாணவர்கள் வகுப்பிற் கற்கும் நெம்புகோல் விதியே இது.

அளவு மீறினால் பின்பாரத்தின் தொல்லை வரும். வளைவில் வண்டியின் பின்புறம் வெளியே வீசும். அஞ்சிய சாரதி உடனே அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுப்பான். அப்போது பாரம் முன்னே சாய்ந்து, பின்சக்கரங்களின் பிடிப்பு மேலும் தளர, வண்டி சுழன்றுவிடும். முன்பாரம் அகலச் செல்கிறது, பின்பாரம் சுழற்றிவிடுகிறது. சாதாரண சாரதிக்குப் பின்னதே கொடியது.

மற்றுமொன்று. சுழலும் பீடத்தில் அமர்ந்து, இரு கைகளிலும் எடைக்கற்களை ஏந்தி, கைகளை நீட்டியும் மடக்கியும் பாருங்கள். நீட்டியபோது திருப்புவதும் அரிது, நிறுத்துவதும் அரிது. வண்டியின் இரு நுனிகளிலும் பாரம் வைப்பது கைகளை நீட்டுவது போன்றது. ஆதலால் இரு அச்சுகளுக்கும் இடையில், தாழ்வாக, இறுகக் கட்டி வைப்பதே சிறப்பு. கூரைமேல் வைத்த பெட்டியோ வளைவில் வெளிச்சக்கரங்களின்மேல் முழு வண்டியையும் சாய்க்கும்.

எனவே எஞ்சின் மாற்ற விரும்புவோர், மாற்றுமுன் ஒருமுறையும் மாற்றியபின் ஒருமுறையும் லொறி நிறுக்கும் தராசில் முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பாராக. சாரதியும் ஆசனத்தில் இருத்தல் வேண்டும். பின்னாசனத்தில் வழமையாக ஏறுவோரையும் ஏற்றி மீண்டும் நிறுத்தல் நன்று. கிடைத்த எண்களைக் கொண்டு ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் டயரையும் சீர்செய்யலாம்.

பழைய வண்டியைப் பேணுதல் நல்ல பொழுதுபோக்கு. ஆனால் ரம்பொடை வளைவுகளில் அவ்வண்டியின் பின்னாசனத்தில் அமர்ந்திருப்போர் நம் பிள்ளைகள். எஞ்சினின் வலுவைக் கேட்டறியுமுன், அதன் நிறையையும் அது அமரும் இடத்தையும் கேட்டறிவதே அறிவுடைமை.